நாற்பத்தேழாம் பக்கம்

என் முதல் புத்தகத்தில் ஒரு கிணறு இருக்கிறது.
சூலியா வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில்,
கப்பலை விட்டு இறங்கியவர்கள்
உப்புக் கரிக்கும் வாயோடு
முதன்முதலாகத் தண்ணீர் குடித்த கிணறு.
கயிறு உரசி உரசி
விளிம்பில் ஏழு தழும்பு.

ஏழு என்று எழுதியது நான்.
கிணறே நான்தான்.

இரவு இரண்டு மணி.
அச்சகத்தில் செய்யது பீரான்
கடைசி ஃபாரத்துக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.
என் அத்தியாயத்தில் முந்நூறு பேர்
துறைமுகத்திலிருந்து நடந்து வந்துவிட்டார்கள்.
எங்காவது குடித்தாக வேண்டும்.
காப்பகத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே வரி:
தண்ணீருக்கு, டாலர் மூன்று.
யார் யாருக்குக் கொடுத்தது என்பதைக்
கரையான் தின்றிருந்தது.
கரையான் தின்றதை நான் எழுதினேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள்.
எனக்கு எல்லாம் கிணற்றிலிருந்துதான் புறப்பட்டது.
எட்டுப் பதிப்பு,
ஞாயிற்றுக்கிழமை தோறும் அறுநூறு சொல்,
மேடானுக்கும் மௌல்மேனுக்கும் நாகப்பட்டினத்துக்கும்
யாரோ வாங்கிக் கொடுத்த டிக்கெட்.

அங்கெல்லாம் நான் நேர்மையாகத்தான் இருந்தேன்.
மௌல்மேனில் மழையில் மண்டியிட்டு
பாசி பிடித்த கல்லறைக் கல்லை
என் கைலியால் துடைத்து
மூக்கு உரச எழுத்துக் கூட்டினேன்.
ஒரு பெயர், பாதி ஊர்.
மீதிப் பாதியை எழுதவில்லை.
அந்தப் புத்தகம் இருநூற்றுப் பத்துப் பிரதி விற்றது.

பல்கலைக்கழகத்தில் ஒருவர்
என்னை 'அடிக்குறிப்பு இல்லாத ஆசாமி' என்றார்.
பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணப் பந்தியில்
ரசத்துக்கும் மோருக்கும் நடுவே ஓர் அம்மா
'நீங்கதானே கிணத்துக்காரரு?' என்றார்.
ஞானாதிக்கம் என்ற பெயரை
அதற்குப் பிறகு நானே அதிகம் பயன்படுத்தவில்லை.

நகராண்மைக் கழகம் வந்தது, கேட்டது:
எந்த இடம்?
'அந்தப் பக்கம்' என்று கையைக் காட்டினேன்.
கை காட்டிய திசையில் ஒரு பழைய தொட்டி இருந்தது,
என்ன தொட்டி என்று யாருக்கும் தெரியாது,
எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை.
சுற்றிக் கட்டினார்கள். சுண்ணாம்பு பூசினார்கள்.
படம் எடுக்க வசதியாக
ஒரு வாளியும் கயிறும் வைத்தார்கள்.

மூன்றாம் பதிப்பில்
'என்று சொல்லப்படுகிறது' சேர்த்தேன்.
ஆறாம் பதிப்பில் பக்கத்தையே எடுத்தேன்.
கடிதம் வந்தது கட்டுக் கட்டாக:
யாரிடம் பணம் வாங்கிக்கொண்டு
எங்கள் கிணற்றைத் தூர்த்தீர்கள்?
சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர்
அங்கே குடித்த தம் முன்னோரின்
பெயரோடு எழுதியிருந்தார், தேதியும் போட்டு.
ஏழாம் பதிப்பில் கிணறு திரும்பி வந்தது.
பதிப்பாளர் என்னைக் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை போனேன்.
கொம்தாரிலிருந்து வெயிலில் நடந்தே.
ஷர்மேந்திரன் என்று அட்டை மாட்டிய பையன்
பதினைந்து பேரை நிறுத்தி வைத்து
முந்நூறு பேரை இறக்கிக்கொண்டிருந்தான்,
என் வாக்கியத்திலேயே, என்னைவிட நன்றாக.

கூட்டம் கலைந்ததும் சொன்னேன்:
'தம்பி, அது பொய்.'
'யாரு சொன்னா அங்கிள்?'
'எழுதினவன்.'
அவன் சிரித்தான், மரியாதையாக,
வெயிலில் வந்த கிழவருக்குச் சிரிப்பது போல.
'புக்குல இருக்கு அங்கிள்.
நாப்பத்தேழாம் பக்கம்.'
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
வாங்கிக் குடித்தேன்.

அவன் போன பிறகு குனிந்து பார்த்தேன்.
இத்தனை வருஷம் இத்தனை கை
சும்மா இழுத்த கயிறு
சுண்ணாம்பைத் தின்றிருந்தது.
விரல் வைத்து எண்ணினேன்,
சந்தேகத்துக்கு இன்னொரு தரம்.

நான்கு.

குறிப்பேட்டில் தேதி போட்டேன், மணி போட்டேன்.
நேரில் பார்த்தது என்று எழுதி
அடியில் கோடு கிழித்தேன்.
பின்னால் யாரோ வாளியை எடுத்தார்கள்.
'கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?' என்றார்கள்.
தள்ளிக்கொண்டேன்.